பன்னிரண்டு கிலோ கருப்பட்டியும் முப்பத்தெட்டுப் படியும்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். வானம் மூட்டமாக இருந்தது. இரவு பெய்த மழை நின்றுவிட்டது. கடற்காற்று இல்லை, மேற்கிலிருந்து ஈரக்காற்று மெல்ல வந்துகொண்டிருந்தது. ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியின் உச்சியில் என் மனைவி நின்றாள். அவளுடைய இடது கை சுவரில், வலது கை என் தோளில். கீழே தெருவில் எங்களுக்காக ஒரு மீன்பாடி வண்டி நின்றது. மூன்று சக்கரம், சரக்குப் பலகை முன்னால், ஓட்டுபவர் பின்னால், அவருக்குக் கீழே ஒரு பழைய மொபெட் இன்ஜின். பலகையின் மேல் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் ஆறு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தேன். ஆறு போதுமா என்ற சந்தேகம் எனக்கு அப்போதே இருந்தது.

எங்கள் வீடு இரண்டாம் மாடியில். படிகள் முப்பத்தெட்டு. அந்த வருடம் மாட்டுப்பொங்கலன்று, கீழிருந்து எண்ணினால் பதினெட்டாம் படியிலிருந்து பதினேழாம் படிக்கு இறங்கும்போது அவள் விழுந்தாள். எலும்பு முறியவில்லை. ஆறு வாரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. டாக்டர் இரண்டு படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கால்ல ஒண்ணும் இல்ல, பயம்தான்" என்றார். பயத்துக்கு அவர் மாத்திரை எழுதவில்லை. அன்றிலிருந்து அவள் படியிறங்கவே இல்லை. இருநூற்று எட்டு நாள்.

இதில் எனக்கு என்ன கவலை என்றால், கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் தன் வீட்டுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டாள். ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி லாரியோடு வருகிறேன் என்றாள். "அம்மா படி ஏறி இறங்கினா நான் எதுக்குப்பா கூப்பிடப் போறேன்?" என்று அவள் கேட்டாள். லாரிக்கு முன்பணம் நானே அனுப்பினேன். நாற்பத்து மூன்று வருடம் இருந்த வீடு. சமையலறை ஜன்னலில் நின்றால் துறைமுகத்தின் பளுதூக்கிகளில் ஒன்பது தெரியும், மழை இல்லாவிட்டால் பதினொன்று. கோயம்புத்தூரில் நான் எதை எண்ணுவது?

ஓய்வு பெறும்வரை துறைமுகத்தில் எனக்குச் சரக்கு எண்ணும் எழுத்தர் வேலை. முப்பத்து நான்கு வருடம். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டை, பெட்டி, பீப்பாய் எல்லாவற்றையும் எண்ணிக் கோடு போட வேண்டும்: நான்கு நிமிர்ந்த கோடு, ஐந்தாவது குறுக்கே. உள்ளே என்ன இருக்கிறது என்பது எங்கள் கவலை இல்லை. வெளியே கிழிசல் இல்லை என்றால் 'தோற்றம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். இந்த வழக்கம் பின்னால் என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி எண்ணம் எங்களுக்கு வந்தது ஜப்பான் நாட்டுப் படத்தொடர் ஒன்றால். வரைந்த படங்கள் அசையும் அனிமே. மகள் டி.வி.யில் போட்டுக்கொடுத்த இணைப்பில் சமையல் நிகழ்ச்சியைத் தேடிய என் மனைவி தவறான படத்தின் மேல் அழுத்திவிட்டாள். ஒரு ஊர்சுற்றி வியாபாரி. மாட்டுவண்டி மாதிரி ஒரு வண்டி. அதில் உப்பும் மெழுகும் கம்பளியும். ஒரு மலையடிவாரத்தில் அவனோடு ஏறிக்கொள்கிறது ஒரு மலைத்தெய்வம். பெண் உருவம், தலையில் மான்கொம்பு, வயது மூவாயிரம். கடலைப் பார்த்ததில்லையாம், கடல்வரை கூட்டிப்போ என்கிறது. போகிற வழியெல்லாம் வியாபாரம், சண்டை, சமாதானம். அவ்வளவுதான் கதை. பதின்மூன்று பகுதி, ஒவ்வொன்றும் இருபத்து நான்கு நிமிடம்.

பேச்சு ஜப்பானிய மொழியில். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். தினமும் மாலை நான்கு மணிக்குத் தேநீரோடு ஒரு பகுதி. இருபத்து நான்கு நிமிடப் பகுதி எங்கள் வீட்டில் ஐம்பது நிமிடம் ஓடியது. அவள் அடிக்கடி நிறுத்தச் சொல்வாள். அவள் தூத்துக்குடிப் பக்கம். அப்பாவுக்கு மளிகைக் கடை. கல்யாணம் ஆகும்வரை பாதி நாள் கல்லாவில் உட்கார்ந்தவள்.

"நிறுத்துங்க. எட்டுப் பீப்பாய் மெழுகை எடை போடாமயா வாங்குதான்?"

"நம்பிக்கையில வாங்கறான்."

"நம்பிக்கைய தராசுல வச்சா எத்தன கிலோ வரும்? இந்தப் பயல கடையில உக்கார வச்சா மூணு மாசத்துல பூட்டிருவான். அந்தக் கொம்புக்காரி என்ன சொல்லுதா?"

"அவளும் இதையேதான் சொல்றா."

"பின்ன? பொம்பளைக்குத் தெரியும்."

பதின்மூன்றாவது பகுதியில் அவர்கள் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். திரையில் கடல் விரிந்தபோது நான் எழுத்துகளைப் படிக்க, அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். படம் முடிந்ததும் டி.வி.யை அவளே அணைத்தாள். எங்கள் வீட்டிலிருந்து கடல் எழுநூறு மீட்டர்.

"முப்பத்தி நாலு வருசம் ஊராரு சரக்க எண்ணுனீங்களே, ஒரு நாளாவது ஒரு பொருள வித்திருக்கீங்களா?"

"இல்லை."

"இது மாதிரி ஒரு வண்டி கொண்டாங்க. சரக்கோட போவோம். கையில காசு எடுக்கக் கூடாது, சரக்குக்குச் சரக்கு. அப்படின்னா நான் கீழ எறங்குதேன்."

விளையாட்டாகச் சொன்னாளா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் காலையே காசிமேட்டில் மீன் ஏற்றும் ஒருவரைப் பிடித்து, தொள்ளாயிரம் ரூபாய்க்குப் பேசி முடித்தேன். வாடகையைத் திரும்பி வந்து கொடுப்பதாக ஏற்பாடு. வண்டி வாடகை வழிக்காசில் சேராது என்று அவளும் ஒப்புக்கொண்டாள். சரக்கு வீட்டிலேயே இருந்தது. அவளுடைய தம்பி ஊரிலிருந்து அனுப்பிய கருப்பட்டி, இரண்டு ஓலைப்பெட்டி, பன்னிரண்டு கிலோ. எனக்குச் சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு. நான் அதைத் தொடக்கூட முடியாது.

ஆக, ஐந்து ஐம்பதுக்கு இறங்க ஆரம்பித்தோம். நான் படிகளைச் சத்தமாக எண்ணினேன். பத்தாவதில் அவள், "வாய மூடுங்க, எண்ண எண்ணக் கூடுது" என்றாள். மனத்துக்குள் எண்ணினேன். அந்தப் பதினெட்டாம் படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். கீழேயிருந்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், லுங்கியை மடித்துக் கட்டியவர்.

"இன்னா நைனா, உற்சவரு வெளிய வர இம்மாம் நேரமா? வண்டி சூடாயிக்கினு கீது."

"இருப்பா, முழங்கால்."

"யம்மா, குந்திக்கினே ஒவ்வொரு படியா எறங்கு. யாரு பாக்கப் போறா? நான் வோணா திரும்பிக்கிறேன்."

அவர் உண்மையிலேயே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவள் சிரித்துவிட்டாள். உட்கார்ந்தபடியே ஒன்பது படி இறங்கினாள். பிறகு எழுந்தாள். தெருவுக்கு வந்தபோது ஆறு பன்னிரண்டு.

மீன்பாடி வண்டியில் முன்னால் உட்காருவது எப்படிப்பட்டது என்பது உட்கார்ந்தால்தான் தெரியும். உங்களுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. அவள் நாற்காலியில்; நான் அவள் காலடியில் ஓலைப்பெட்டிகளைப் பிடித்தபடி. கடற்கரைச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. எண்பத்தேழுவரை எண்ணினேன், பிறகு ஒரு பள்ளம் வந்தது, கண்ணை மூடிக்கொண்டேன். அவளோ, திருவிழாவுக்குப் போகிறவள்போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தாள். பாறைகளில் அலை அடித்துத் தெறித்த தண்ணீர் அவள் முகத்தில் விழுந்தது. துடைக்கவில்லை.

திருவொற்றியூரில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தச் சொன்னாள். என் சட்டைப்பையில் ஒரு காசு இல்லை.

"தம்பி, மூணு டீ. துட்டு கெடையாது. அசல் ஒடன்குடிக் கருப்பட்டி தாரேன்."

கடைக்காரர் வண்டியையும் நாற்காலியையும் எங்களையும் பார்த்தார். "இன்னாம்மா, ஷூட்டிங்கா?"

"யாவாரம்."

அவர் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தார். இன்னொரு முறை கடித்தார். மூன்று டீயோடு மூன்று பன்னும் வந்தது. ஒரு சில்லுக் கருப்பட்டிக்கு அது கூடுதல் என்று நான் கணக்குப் பார்த்து அவளிடம் சொன்னேன். "வாய வச்சுக்கிட்டு சும்மா பன்னத் தின்னுங்க" என்றாள். முதல் வியாபாரம் லாபம்.

எட்டரைக்குக் காத்திவாக்கம் வந்தோம். கழிமுகத்துக்கு அருகே, சாலையோரத்தில், ஒரு பெண் அலுமினியக் கூடையில் சேற்று நண்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்குள். நண்டுகளின் கொடுக்குகள் ஈரச் சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. என் மனைவி நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. வண்டியை நண்டுக்கு நேரே நிறுத்தச் சொன்னாள். அங்கிருந்தபடியே பேரம் ஆரம்பமானது. கருப்பட்டி என்றதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. வீட்டில் பிள்ளை பெற்ற மகள் இருக்கிறாளாம். ஆனால் உடனே கையை விரித்தார்.

"யக்கா, எனக்கு இன்னும் போணியே ஆவல. சரக்குக்குச் சரக்கு மாத்திக்கினா அது போணியா? போணிக்குத் துட்டு வோணும். மொத துட்டு கைல படாம இன்னிக்குப் பூரா நான் எப்டி விக்கிறது?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். விதி அவள் போட்டது. அந்த ஜப்பான் வியாபாரிக்குப் பதின்மூன்று பகுதியிலும் இப்படி ஒரு சிக்கல் வரவில்லை. அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அவ சொல்லுறது நாயந்தான். எங்க அப்பா போணி ஆகாம ஒரு குண்டூசி கடன் குடுக்க மாட்டாரு. பத்து ரூபா குடுங்க."

"காசு எடுக்காதேன்னு நீதானே சொன்னே?"

"அப்ப சொன்னேன். இப்ப குடுங்கன்னு சொல்லுதேன்."

"ஃபோன்ல அனுப்பட்டுமா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"போணிய ஃபோன்லயா? கண்ணுல ஒத்திக்கத் துட்டு கேட்டா, ஃபோன ஒத்திக்கச் சொல்ற. இன்னா நைனா, படிச்சவரு மாதிரி கீற!"

வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே தன் லுங்கி மடிப்பிலிருந்து பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் அதைக் கண்ணில் ஒற்றி, கூடையைச் சுற்றிக் காட்டி, இடுப்பில் செருகினார். நான் கையில் கொண்டுபோன சீட்டில் அந்தப் பத்து ரூபாயை எழுதுவதற்காகவும், முன்சக்கரத்தில் காற்று குறைகிறதா என்று பார்ப்பதற்காகவும் வண்டிக்கு அந்தப் பக்கம் போனேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது. அந்த ஐந்து நிமிடத்தில் நடந்ததை அவளே பிற்பாடு சொன்னாள்.

அவள் சொன்னது: "கயிறு தண்ணியக் குடிச்சு நண்டு கனத்துல பாதி நிக்குது. கயித்துக்கு நான் கருப்பட்டி குடுக்க மாட்டேன். அவுத்துட்டு எடை போடு."

அந்தப் பெண் சொன்னது: "அவுத்தா கடிக்கும் யக்கா."

அவள் சொன்னது: "எங்க வீட்டுக்காரரக் கடிக்கட்டும்."

பன்னிரண்டு கிலோவில் டீக்குப் போனது போக மிச்சக் கருப்பட்டிக்கு ஏழு கிலோ நண்டு. உருப்படி முப்பத்தொன்று. நான் திரும்பி வந்தபோது பலகையில் வாய் கட்டிய இரண்டு சாக்குமூட்டை இருந்தது. சுற்றிப் பார்த்தேன். சீட்டில் இரண்டு கோடு போட்டு, 'தோற்றம் சரி' என்று எழுதினேன். விற்கிற நண்டு கட்டித்தான் இருக்கும். அதை யார் கேட்பார்கள்? மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் என் கைக்கே இல்லை.

திரும்பும்போது லாரிகளுக்குப் பயந்து நான்தான் நெடுஞ்சாலை வழியாகப் போகச் சொன்னேன். பத்து மணி ஆகியிருந்தது. டோல்கேட் சந்திப்பில் சிவப்பு விளக்கு. எங்களுக்குப் பின்னால் ஒரு மாநகரப் பேருந்து, இடதுபக்கம் ஏழு மோட்டார் சைக்கிள். என் வலது கைப் பெருவிரலில் யாரோ இடுக்கியை வைத்து நெரித்ததுபோல இருந்தது. குனிந்து பார்த்தேன். சாக்கின் அடியில் ஒரு ஓட்டை. அதிலிருந்து நீண்ட ஒரு கொடுக்கு. அந்தக் கொடுக்கில் என் விரல்.

நான் கத்தியதில் சாக்கை உதைத்துவிட்டேன். ஓட்டை பெரிதாயிற்று. பச்சையும் கறுப்புமாக ஒவ்வொன்றாக வெளியே வந்து, பலகையின் விளிம்புவரை பக்கவாட்டில் நடந்து, சாலையில் தொப் தொப்பென்று விழுந்தன.

"ஐயோ, என் நண்டு!"

நான் என் விரலிலிருந்து நண்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது சிவப்பு நாற்காலி காலியாக இருந்தது. அந்தப் பலகை தரையிலிருந்து இரண்டடி உயரம். அவள் கையை யாரும் பிடிக்கவில்லை. புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, டோல்கேட் சந்திப்பின் நடுவில், என் மனைவி ஒரு நண்டின் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். வேகமாக இல்லை. நண்டும் வேகமாக இல்லை.

"யோவ் பெர்சு, கடைய நடுரோட்டுலயா போட்டுக்கினு கீற?" என்று பேருந்து ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டினார். விளக்கு பச்சையாகியும் அவர் நகரவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து நண்டைத் தன் தோல்பையால் மறித்தார். போக்குவரத்துக் காவலர் முதலில் விசில் ஊதினார். பிறகு விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு கையைக் காட்டி இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார்.

"ஆயா, உன் பின்னாடி! லெஃப்ட்டுல! லெஃப்ட்டுல ஒண்ணு எஸ்கேப்பு!" என்றார் ஒரு மோட்டார் சைக்கிள்காரர்.

"யாருடே ஆயா? அந்த ஹெல்மெட்டக் குடு இங்க."

மோட்டார் சைக்கிள்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தார். அவள் அதை நண்டின் மேல் கவிழ்த்து, மேலே தன் காலை வைத்துக்கொண்டு, வண்டிக்காரர் வரும்வரை வெற்றி பெற்ற ராணிபோல நின்றாள். வீக்கம் இருந்த அதே கால்.

எட்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. எண்ணினேன். இருபத்தொன்பது. இரண்டு மழைநீர் வடிகாலில் இறங்கிவிட்டன. அவளுடைய செருப்பில் ஒன்று வார் அறுந்தது. ஹெல்மெட்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒரு வாரத்துக்கு என் தல மீன் மார்க்கெட்டும்மா" என்றார். போக்குவரத்து நகர்ந்தது. பேருந்திலிருந்து யாரோ கைதட்டினார்கள். அவள் மறுபடியும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். நான் அவள் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு நினைவு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வண்டிக்காரரும் எதையோ சொல்ல வாயெடுத்தார்; நான் அவர் முழங்காலைக் கிள்ளினேன்.

வழியில் ஒரு கிளினிக்கில் என் விரலுக்கு ஊசியும் கட்டும் போட்டுக்கொண்டு வந்தோம். ஆனால் இன்னும் ஏறுவது இருந்தது. இறங்குவது வேறு, ஏறுவது வேறு. வீட்டுவாசலில் அவள் படிகளை அண்ணாந்து பார்த்தபோது முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துபோனதைக் கண்டேன். நான் நாற்காலியை அவிழ்த்து, அதில் உட்காரவைத்துத் தூக்கிப்போக வண்டிக்காரரோடு யோசனை செய்துகொண்டிருந்தேன். அப்போது தரைத்தளத்தில் மீன்வலைக் கடை வைத்திருப்பவரின் மனைவி, ஏழாம் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், சாக்கைப் பார்த்து, "நண்டாக்கா? காத்திவாக்கம் நண்டா?" என்றார்.

"கீரைக்கு மூணு நண்டு. ஒரு தேங்காயும் வேணும்."

"மூணா? நாலு குடுக்கா."

அவர் எழுந்து வரவில்லை; மடியில் கீரை. ஆகவே இவள் ஏழு படி ஏறினாள். கீரைப் பேரம் முடிவதற்குள் முதல் மாடியிலிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தார். அவர் ஆடி மாதம் போடும் எலுமிச்சை ஊறுகாய் எங்கள் கட்டடத்தில் பிரசித்தம்.

"டீச்சர், ஒரு பாட்டில் ஊறுகாய்க்கு நாலு நண்டு."

"ரெண்டு பாட்டில்னா ஆறு தருவீங்களா?"

"பாட்டில் எவ்வளவு பெருசு? காட்டுங்க."

"மேல வாங்க, காட்டறேன்."

"அடுத்த ஊருக்கு வண்டியக் கட்டுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் ஏறினாள். பாட்டிலின் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏறினாள். பதினேழாம் படியில் கால் வைத்தபோது, "போன வருசம் இதே பாட்டில்ல முக்கால்தான் இருந்திச்சு டீச்சர்" என்றாள். பதினெட்டாம் படியில், "அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். நான் இரண்டு படி கீழே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, அவள் விழுந்தால் தாங்க நின்றேன். அவள் விழவில்லை. திரும்பிப் பார்த்து, "என்ன, பறக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பதினொன்று நாற்பது. கையில் இருந்தது: நண்டு பத்தொன்பது, முருங்கைக்கீரை இரண்டு கட்டு, தேங்காய் ஒன்று, ஊறுகாய் இரண்டு பாட்டில். வண்டிக்காரர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மிளகு போட்ட குழம்பு. அவர் ஏழு நண்டு சாப்பிட்டார். நான் மூன்று, விரலில் கட்டு இருந்ததால் உடைப்பது கஷ்டமாக இருந்தது, அவள்தான் உடைத்துக் கொடுத்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழம இன்னா சரக்கு யம்மா?" என்று அவர் கேட்டார். "பழைய பித்தளப் பானை இருக்கு, பாப்போம்" என்றாள் அவள்.

ஃபோனில் சொன்னால் நம்பமாட்டாள் என்று மகளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி, லாரிக்கு முன்பே, ஒன்பது மணிக்கு அவள் வந்தாள். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். "அம்மா எங்கே?" என்று பதறினாள். ஜன்னலைக் காட்டினேன். தெருமுனையில் அவளுடைய அம்மா ஒரு காய்கறி வண்டிக்காரரிடம் எதையோ எடைபோடச் சொல்லி விரலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மகள் அரை நிமிடம் பார்த்தாள். பிறகு லாரிக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, வர வேண்டாம் என்றாள். முன்பணம் திரும்ப வராது என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நிம்மதியாக நான் எந்தப் பணத்தையும் விட்டதில்லை.

வண்டி வாடகை தொள்ளாயிரம், நண்டு பிடித்ததற்கு மேற்கொண்டு இருநூறு, போணி பத்து, என் விரலுக்கு ஊசியும் கட்டும் நூற்று எண்பது, அவளுக்குப் புதுச் செருப்பு இருநூற்று நாற்பது, மிளகு தொண்ணூற்றைந்து, லாரி முன்பணம் இரண்டாயிரம். கருப்பட்டி அவள் தம்பி கொடுத்தது, அதைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஆக மொத்தம் மூவாயிரத்து அறுநூற்று இருபத்தைந்து ரூபாய்.